சேத்தக்கும் சின்ன ரயிலும்: வாசகர் கேள்வி–பதில்

பழைய ஸ்கூட்டர், மாதிரி ரயில் இரண்டையும் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1980-களின் பஜாஜ் சேத்தக். பாயின்ட் (பொறிக்கான கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த இன்ஜின். காலையில் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்திய பிறகு உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால், சூடு ஆறும்வரை என்ன உதைத்தாலும் கிளம்புவதில்லை. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா சார்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரே கோளாறு அல்ல, இரண்டு. காலையில் வருவது பெட்ரோல் சம்பந்தப்பட்டது. சூட்டில் வருவது பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்டது. கார்புரேட்டரை மாற்றினால் முதல் கோளாறு ஒருவேளை தீரலாம்; இரண்டாவது அப்படியே இருக்கும்.

வண்டியைச் சாய்த்தால் ஏன் ஸ்டார்ட் ஆகிறது என்பதைப் பார்ப்போம். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதவை ஒன்று இருக்கிறது. பெட்ரோல் நிரம்பியதும் அது மேலே வந்து ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும். சாய்க்கும்போது மிதவையின் நிலை குலைந்து ஊசி திறந்துகொள்ள, கிண்ணம் அளவுக்கு மேல் நிரம்பி, உபரி பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. குளிர்ந்த இன்ஜினுக்கு வேண்டியது அந்தக் கூடுதல் பெட்ரோல்தான். அதைக் கொடுக்க வேண்டியது சோக். ஆகவே சாய்த்தால்தான் கிளம்புகிறது என்றால் சோக் வேலை செய்யவில்லை, அல்லது கிண்ணத்துக்குப் பெட்ரோல் சரியாக வந்து சேரவில்லை என்று பொருள்.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். ஒருவர் சோக் குமிழை இழுக்க, நீங்கள் கார்புரேட்டரில் கம்பி முழுவதும் நகர்கிறதா என்று பாருங்கள். கம்பி நைந்து பாதியிலேயே நின்றுவிடுவது சாதாரணம். அது சரியாக இருந்தால், பெட்ரோல் டியூப் கார்புரேட்டரில் சேரும் இடத்தில் உள்ள போல்ட்டைக் கழற்றுங்கள். அதற்கு அடியில் சின்ன வலை ஒன்று இருக்கும். டேங்கின் துருத்தூள் இதில்தான் வந்து படியும். பெட்ரோலில் கழுவி, காற்றடித்து மாட்டுங்கள். அடுத்து டேங்க் மூடி. மூடியில் காற்றுத் துளை அடைபட்டிருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது குறையும். ஓடும்போது வண்டி திணறி நின்று, மூடியைத் திறந்து மூடியதும் மறுபடி ஓடினால் சந்தேகமே வேண்டாம், அதுதான் காரணம்.

இனி சூட்டுக் கோளாறு. வண்டி கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. பிளக்கை அதன் தொப்பியிலேயே மாட்டி, உலோகப் பகுதியை சிலிண்டர் ஹெட்டில் ஒட்டவைத்து, நிழலில் ஒருமுறை உதையுங்கள். பொறி நீலமாகத் துள்ளினால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ பாயின்ட்டைக் கருகாமல் காக்கும் கண்டன்சரையும், பொறிக்கு வோல்டேஜைக் கூட்டும் காயிலையும் சந்தேகியுங்கள். இந்த வண்டியில் கண்டன்சர், காந்தம் பதித்த சுழல்சக்கரமான மேக்னட்டுக்குப் பின்னால், இன்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பழையதாகும்போது குளிரில் வேலை செய்து, சூட்டில் கைவிடும்.

மேக்னட்டின் ஜன்னல் வழியாகப் பாயின்ட்டைப் பாருங்கள். ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் அதே அளவுக்கு மேடும் விழுந்திருந்தால், கண்டன்சர் பொருந்தவில்லை என்று அர்த்தம். முகம் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கண்டன்சர் போய்விட்டது. எமரி தேய்த்துப் பயனில்லை; பாயின்ட்டையும் கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். மேக்னட்டைக் கையால் மெல்லச் சுற்றி, பாயின்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் இடைவெளியை 0.4 மி.மீ. வையுங்கள். 0.3-க்குக் கீழோ 0.5-க்கு மேலோ போகக் கூடாது. இடைவெளி கூடினால் பொறி முன்கூட்டியே விழும், குறைந்தால் தாமதமாகும். அதனால் இடைவெளியைத் தொட்ட பிறகு டைமிங்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிளக் இடைவெளி 0.6 மி.மீ. மேக்னட்டைக் கழற்ற நேர்ந்தால் புல்லர் என்ற இழுக்கும் கருவி போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் அச்சு கோணிக்கொள்ளும், காந்தமும் வலுவிழக்கும்.

பொறி நீலமாக வந்து, பிளக் மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் மிதவை ஊசி சரியாக மூடவில்லை. ஊசியின் நுனியில் வளையமாகத் தேய்மானம் தெரியும். ஊசியும் மிதவையும் தனியாகக் கிடைக்கும்போது முழுக் கார்புரேட்டருக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

கேள்வி: எல்.எம்.எல். வெஸ்பா. திடீரென்று வெள்ளைப் புகை கக்குகிறது. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலைக் குறைத்துப் பார்த்தேன், குறையவில்லை. பிஸ்டன் ரிங் போய்விட்டதா?
— வாசகர், ராஜபாளையம்

பதில்: முதலில் ஆயிலைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். லிட்டருக்கு 20 மி.லி. கட்டாயம் வேண்டும். புகைக்குப் பயந்து ஆயிலைக் குறைத்து பிஸ்டனைச் சிக்கவைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். ரிங் தேய்ந்தால் இழுவை குறையும். இவ்வளவு புகை வராது. கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) போயிருந்தால், கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். உறுதிப்படுத்த எளிய வழி: கியர் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, எஸ்.ஏ.இ. 30 ஆயிலை 250 மி.லி. அளந்து ஊற்றுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி வடித்து அளந்து பாருங்கள். அளவு கணிசமாகக் குறைந்திருந்தால் சீல்தான். வடித்த ஆயிலில் பெட்ரோல் வாசனை அடித்தாலும் அதே சீல்தான். அந்த வழியாகப் பெட்ரோல் கியர்பாக்ஸுக்குள் வந்திருக்கிறது. இதை மாற்றப் பெரும்பாலும் இன்ஜினைப் பிளக்க வேண்டியிருக்கும். பிளந்த கையோடு கிராங்க் பேரிங்குகள், இரண்டு பக்க சீல்கள், கேஸ்கெட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

மேக்னட் பக்கத்து சீல் போனால் அறிகுறி வேறு. புகை வராது. வெளிக்காற்று உள்ளே போவதால் கலவை மெலிந்து, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இரைந்துகொண்டே இருக்கும். அப்படி ஓட்டக் கூடாது, பிஸ்டன் உருகிவிடும்.

இன்னொன்று: கிளட்ச் தட்டுகள் இந்த கியர் ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. விலை உயர்ந்த கார் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். சாதாரண எஸ்.ஏ.இ. 30 போதும்.

கேள்வி: லாம்பிரெட்டா வாங்க ஆசை. ஒருவர் ‘விஜய் சூப்பர்’ தருகிறேன் என்கிறார். இரண்டும் ஒன்றா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? வின்டேஜ் பதிவு கிடைக்குமா?
— வாசகர், ஈரோடு

பதில்: ரத்த சொந்தம்தான். இத்தாலியின் மிலான் நகரில் லாம்பிரெட்டா செய்துவந்த இனோசென்டி நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியதும், இயந்திரங்களையும் உரிமையையும் இந்திய அரசு வாங்கியது. 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. விஜய் சூப்பர் அங்கிருந்து வந்த வண்டி. அதற்கு முன்பே மும்பையில் ஏ.பி.ஐ. நிறுவனம் உரிமம் பெற்று லாம்பிரெட்டா தயாரித்துவந்தது.

வெஸ்பா, சேத்தக் பழக்கத்தில் லாம்பிரெட்டாவைக் கையாளக் கூடாது. வெஸ்பாவுக்குத் தகடே சட்டம். லாம்பிரெட்டாவுக்குள்ளே குழாய்ச் சட்டம் இருக்கிறது, தகடுகள் மேலே மாட்டியவை. அதனால் பக்கத் தகடு நசுங்கியிருந்தால் கவலை இல்லை. குழாய் வளைந்திருந்தால் வாங்காதீர்கள். இருபது அடி பின்னால் நின்று பாருங்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

பெட்ரோலுக்கு ஆயில் லிட்டருக்கு 40 மி.லி., அதாவது 25-க்கு 1. வெஸ்பா கணக்கில் 20 மி.லி. ஊற்றினால் இன்ஜின் சிக்கிவிடும். கியர்பாக்ஸுக்கு எஸ்.ஏ.இ. 90, சுமார் 700 மி.லி. உள்ளே செயின் ஓடுகிறது. இன்ஜினை மெதுவான வேகத்தில் விட்டுக் காதைக் கொடுங்கள். சலசலவென்று உலோகம் உரசும் சத்தம் வந்தால் செயினோ அதை இறுக்கும் பட்டையோ தேய்ந்திருக்கிறது. பின்சக்கர ஹப்பை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நடு நட் தளர்ந்து ஓடிய வண்டியில் ஹப்பின் கூம்புத் துளையும் அச்சின் பற்களும் தேய்ந்திருக்கும். இந்தப் பழுதுதான் செலவு வைக்கும். விலை பேசும்போது இதைக் கணக்கில் எடுங்கள்.

சேத்தக், வெஸ்பா வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபுட்போர்டு ரப்பரைத் தூக்கிப் பாருங்கள், வண்டியைப் படுக்கவைத்து அடியில் குறுக்குச் சட்டத்தையும் ஸ்டாண்ட் பொருந்தும் இடத்தையும் பாருங்கள். காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி தகட்டின் மேல் நகர்த்தினால், நசுங்கலை மறைக்கப் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அது பிடிக்காது. சேசிஸ் எண் வலப்பக்க பானட்டுக்கு (பக்க மூடிக்கு) உள்ளே பாடியிலும், இன்ஜின் எண் பின் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு அருகில் இன்ஜின் உடம்பிலும் அடித்திருக்கும். ஆர்.சி.யில் உள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

வின்டேஜ் பதிவைப் பொறுத்தவரை, 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அது உண்டு. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். விதிகள் நிர்ணயித்த கட்டணம் புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். செல்லுபடி 10 ஆண்டுகள். ஆனால் அந்தப் பதிவோடு வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள், வழக்கமான பதிவை எஃப்.சி. காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போவதுதான் நல்லது.

கேள்வி: இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ஸ்கூட்டரைக் கெடுக்குமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: தினமும் ஓடும் வண்டியைவிட, நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியைத்தான் அதிகம் கெடுக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

பழைய ரப்பர் டியூப் ஊதி மெத்தென்றாகிவிடும். எத்தனால் தாங்கும் டியூப் போடுங்கள். டேங்குக்கு உள்ளே பழைய காலப் பூச்சு ஏதும் இருந்தால் அது உரிந்து வலையை அடைக்கலாம். எத்தனாலால் கலவையும் கொஞ்சம் மெலியும். நல்ல வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அப்படியே நிறுத்தி, பிளக்கைப் பாருங்கள். நடுவிலிருக்கும் பீங்கான் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நலம். வெளுத்து, சுண்ணாம்பு போல இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாக்குங்கள்.

டேங்கில் துரு ஏற்கெனவே வந்துவிட்டதென்றால்: டேங்கைக் கழற்றி, டேப்பை எடுத்து ஓட்டையை அடைத்து, லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். பழைய நட்டுகளை ஒரு கைப்பிடி போட்டுக் குலுக்கினால் ஒட்டியிருப்பது உதிரும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் ஒருமுறை, வெறும் நீரால் இரண்டு முறை அலசி, உடனே ஹேர் டிரையரால் காயவைத்து, பெட்ரோலும் 2டி ஆயிலும் கலந்து சுழற்றி ஊற்றிவிடுங்கள். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டாலே மறுபடி துரு பிடித்துவிடும்.

கேள்வி: மாதிரி ரயிலுக்கு ஓர் அறையே ஒதுக்கும் அளவுக்குப் பெரிய வீடு இல்லை. பிளாட்டில் ஓர் அறைச் சுவர்தான் இருக்கிறது. அந்தக் காலத்து மீட்டர் கேஜ் ஸ்டேஷன் ஒன்றை மாதிரியாகச் செய்ய வேண்டும். எட்டுக்கு நாலு பிளைவுட்டில் வட்டமாகத் தண்டவாளம் போட்டால் போதுமா? எந்த அளவு எடுப்பது?
— வாசகர், மடிப்பாக்கம்

பதில்: வட்டம் வேண்டாம். எட்டுக்கு நாலு பலகையில் வைக்க முடிந்த அதிகபட்ச வளைவு 22 அங்குல ஆரம். ஆனால் பெட்டி பார்க்க அழகாக வளைந்து போக, வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை செய்த அகலப்பாதைப் பெட்டி 21.3 மீட்டர். எச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கில், அது 24.5 செ.மீ. அப்படியானால் 73 செ.மீ. ஆரம் வேண்டும். மீட்டர் கேஜ் பெட்டி கொஞ்சம் குட்டை என்றாலும் 22 அங்குலத்தில் இடிபட்டுத்தான் போகும். அதோடு நாலடி அகலப் பலகை அறையையே அடைத்துக்கொள்ளும், நடுவில் கை எட்டாது.

உங்கள் சுவருக்கு ஏற்றது, பத்தடி நீளம் ஒன்றரை அடி அகலத்தில் ஓர் அலமாரிப் பலகை. போடிநாயக்கனூர், திருச்செந்தூர் போல ரயில் வந்து முடியும் ஸ்டேஷன். இன்ஜின் பெட்டிகளை விட்டுவிட்டு, லூப் எனப்படும் பக்கப் பாதை வழியாகச் சுற்றி வந்து மறுமுனையில் கோத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வட்டத்தில் ரயில் ஓடுவதைப் பத்து நிமிடம் பார்க்கலாம். இப்படி ஷண்டிங் செய்வதை ஒரு மாலை முழுக்கச் செய்யலாம்.

இனி கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம். மீட்டர் கேஜ் 1000 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 11.5. சந்தையில் உள்ள 12 மி.மீ. தண்டவாளம் இதற்குக் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். இதை எச்.ஓ.எம். என்பார்கள். பெக்கோ நிறுவனம் இந்த அளவில் வளையும் தண்டவாளம் தருகிறது. டி.டி. எனப்படும் 120-ல் ஒரு பங்கு அளவு மாதிரிகளும் 12 மி.மீ. பாதையில்தான் ஓடுகின்றன. அவற்றின் சக்கர அடிச்சட்டத்தை வாங்கி, மேலே எச்.ஓ. அளவில் உடம்பு செய்து ஏற்றிவிடலாம். நம் ஊரில் பயணிகள் ரயில் இழுத்த ஒய்.பி. நீராவி இன்ஜினின் ஓட்டும் சக்கரம் 1372 மி.மீ.; மாதிரியில் 15.8 மி.மீ. சரக்கு இழுத்த ஒய்.ஜி.க்கு 1219, மாதிரியில் 14. அடிச்சட்டம் வாங்கும்போது இந்த அளவுக்கு அருகில் இருப்பதாகத் தேடுங்கள். பெட்டி, கட்டடம் எல்லாம் பாலிஸ்டைரீன் ஷீட்டிலோ 3டி பிரின்ட்டிலோ நீங்களே செய்ய வேண்டியதுதான். இந்திய மீட்டர் கேஜைக் கடையில் முழுதாக வாங்க முடியாது என்பதே இதன் சுவை.

அகலப்பாதை செய்ய நினைப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது, எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. ரயில் கொஞ்சம் ஒல்லிக் காலில் நிற்பது போலத் தெரியும். பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டு செய்கிறார்கள். மீட்டர் கேஜில் அந்தக் குறை கிடையாது.

நீளக் கணக்கு இது: டெண்டரோடு (கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) இன்ஜின் 22 செ.மீ., மூன்று பெட்டிகள் தலா 22. ஆக 88. லூப்பில் 1 மீட்டர் இடம் விடுங்கள். லூப்பின் இரு முனையிலும் பாதை பிரியும் இடமான பாயின்ட்டுகளுக்கு 44 செ.மீ. இன்ஜின் மட்டும் போய் நிற்க முனையில் 25 செ.மீ. மொத்தம் 169. பத்தடி என்பது 305 செ.மீ. மிச்சம் 136-ல், ஒரு மரத்தடுப்புக்குப் பின்னால் 95 செ.மீ. நீளத்துக்கு நகர்த்தக்கூடிய பலகைத் துண்டு வையுங்கள். அதன்மேல் ரயில் வந்து நிற்க, பலகையோடு தூக்கித் திருப்பிவைத்தால் அடுத்த ரயில் தயார். நடுவில் 41 செ.மீ. லெவல் கிராசிங்குக்கும் ஒரு சின்னப் பாலத்துக்கும்.

மரம்: 12 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். (ஈரம் தாங்கும்) பிளைவுட், அடியில் 3க்கு 1 அங்குலச் சட்டம், ஐந்தடிப் பலகை இரண்டாகப் பிரித்துச் செய்து போல்ட்டில் இணையுங்கள். லிஃப்டில் கொண்டுபோக முடியும். எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) வேண்டாம், மழைக்காலத்தில் உப்பும். கோடையில் உலோகம் நீள்வதைவிட, ஈரத்தில் மரம் அசைவதுதான் தண்டவாளத்தை நெளிக்கிறது. வெட்டிய எல்லா மர விளிம்புகளுக்கும் பெயின்ட் அடித்து மூடுங்கள். தண்டவாள இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள்.

காலத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். தாம்பரம் – விழுப்புரம் பக்கம் என்றால் 1960-களிலிருந்து மீட்டர் கேஜிலேயே 25 கிலோவோல்ட் மின்கம்பி வந்துவிட்டது, ஜப்பானில் செய்த ஒய்.ஏ.எம்.-1 இன்ஜின்கள் ஓடின. தென்கோடிக் கிளைப்பாதை என்றால் கம்பி வேண்டாம், நீராவி போதும்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. மாதிரி ரயில் விக்கி விக்கி ஓடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது, மறுபடி அதே கதை.
— வாசகர், புதுச்சேரி

பதில்: உப்புத்தாளை நிறுத்துங்கள். அது போடும் கீறல்களில்தான் அழுக்கு தங்குகிறது, அங்கேதான் பொறி பறந்து கரி படிகிறது. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். அதே ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூ பேப்பரைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, இன்ஜினின் ஒரு முனையிலுள்ள சக்கரங்களை அதன்மேல் வைத்து ஓடவிட்டால் கறுப்புக் கோடுகளாக அழுக்கு இறங்கும். ரப்பர் வளையம் போட்ட சக்கரங்களை மட்டும் லேசாகத் துடையுங்கள். பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகத்துக்கு மாற்றுங்கள். அழுக்கைப் பரப்புவதே பிளாஸ்டிக்தான்.

பழைய செட்டுகளோடு வந்த இரும்புத் தண்டவாளம் உங்கள் ஊர்க் காற்றுக்குத் தாங்காது. நிக்கல் சில்வருக்கு மாறுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் ரயில் தளர்ந்தால் அது அழுக்கல்ல, கரண்ட் போய்ச் சேராதது. இணைப்புத் தகடுகளை நம்பாமல், பலகைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பி இரண்டு ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 சதுர மி.மீ. கம்பியைப் பற்றவைத்து இறக்குங்கள். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் பற்றவைக்க வேண்டும். உள்பக்கத்தில் ஈயம் திரண்டால் சக்கரத்தின் விளிம்பு ஏறி இறங்கும். சூடான முனையைச் சில நொடிகளுக்கு மேல் வைத்தால் ஸ்லீப்பர் கட்டை உருகிவிடும், இரண்டு பக்கமும் ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். குளிர்ந்தால் உறையும், நாளானால் பிசினாகும். பிளாஸ்டிக்குக்குக் கேடில்லாத மெல்லிய மாடல் ஆயிலை ஊசி முனையில் தொட்டு ஒரு பேரிங்குக்கு ஒரு பொட்டு. அவ்வளவுதான்.

கேள்வி: டி.சி.யா, டி.சி.சி.யா?
— வாசகர், சேலம்

பதில்: ஒன்றிரண்டு இன்ஜின் என்றால், தண்டவாளத்தில் வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் 12 வோல்ட் டி.சி. போதும். ஒரே பாதையில் மூன்று இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் டி.சி.சி., அதாவது ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு முகவரி எண் வைத்து டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்ள இன்ஜினுக்குள் வைக்கும் சின்ன சர்க்யூட்தான் டிகோடர். பழைய இன்ஜினுக்கு டிகோடர் வைக்கும் முன் மோட்டாரின் இரு முனைகளும் உலோக உடம்பைத் தொடாமல் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். தொட்டால் டிகோடர் முதல் நொடியிலேயே எரியும். 12 வோல்ட் கொடுத்துச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, மோட்டார் எடுக்கும் ஆம்பியரை அளவெடுங்கள். டிகோடரின் அளவு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். புது டிகோடரின் முகவரி பொதுவாக 3.

கேள்வி: ஊட்டி மலை ரயிலைச் செய்ய முடியுமா? என் இன்ஜின் சாதாரண ஏற்றத்திலேயே சறுக்குகிறது.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் இன்ஜின் மேல் குற்றமில்லை. மாதிரிப் பாதையில் 2 முதல் 3 சதவீத ஏற்றம்தான் நிம்மதியானது. 4 சதவீதத்தைத் தாண்டினால் நாலு பெட்டியோடு ஏறாது. நீலகிரிப் பாதையின் செங்குத்தான ஏற்றம் 12.28-க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் நடுவே பற்சட்டம் போட்டிருக்கிறார்கள். 1899-ல் குன்னூர்வரை, 1908-ல் ஊட்டிவரை பாதை வந்தது. பற்சட்டம் ஆப்ட் முறை. இரண்டு பட்டைகள், ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும்படி.

ஸ்விட்சர்லாந்து மலை ரயில்களை 12 மி.மீ. கேஜில் செய்யும் பெமோ நிறுவனத்திடம் பற்சட்டமும், அதைக் கவ்வும் பற்சக்கரம் வைத்த இன்ஜின்களும் உண்டு. அந்த அடிச்சட்டத்தின் மேல் நீலகிரிப் பாதையின் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜினின் உடம்பை ஏற்றுவதே நல்ல வழி. இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. சமதளம் திடீரென்று ஏற்றமாக மாறும் இடத்தில் 30, 40 செ.மீ. நீளத்துக்கு மெல்ல மெல்ல வளைத்துக் கொண்டுபோங்கள். ஒடித்தால் பற்சக்கரம் பல் தாண்டும். மலை ஏறும்போது இன்ஜின் எப்போதும் கீழ்முனையில் நின்று தள்ளும், முன்னால் நின்று இழுக்காது. மாதிரியிலும் அப்படியே வையுங்கள். கொக்கி கழன்றாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடிவிடாது. 2 மீட்டர் பாதையில் 16 செ.மீ. உயரம் கிடைத்துவிடும். ஒரு பாறை, ஒரு குகை, ஒரு கற்பாலம் வைக்க அது தாராளம்.

கேள்வி: ஜல்லி பாக்கெட் வெளிநாட்டு விலை விற்கிறது. ஆற்று மணல் போடலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: மணல் உருண்டையாக இருக்கும், ஜல்லிக்குக் கூர்மையான முனை வேண்டும். கிரானைட் பட்டறையில் கிடைக்கும் கல்தூள் வாங்குங்கள். நிஜ ஜல்லி அதிகபட்சம் 65 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர். தேநீர் வடிகட்டியில் சலித்து, தங்கும் பெருங்கற்களைத் தள்ளுங்கள். கீழே விழுந்ததை மெல்லிய துணியில் மறுபடி சலித்து, மாவுத்தூளைத் தள்ளுங்கள். நடுவில் மிஞ்சுவதைக் கழுவிக் காயவைத்து, ஒரு காந்தத்தை அதனுள் பலமுறை புரட்டுங்கள். கறுப்பாக ஒட்டுவதெல்லாம் இரும்புத்துகள். விட்டுவைத்தால் ஒவ்வொன்றாக மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஜல்லியைக் கொட்டி, மென்மையான பிரஷால் ஸ்லீப்பர் கட்டை மட்டத்துக்குச் சீராக்குங்கள். முதலில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரை நன்றாக நனையும்படி தெளியுங்கள். நனையாத ஜல்லியில் பசை முத்து முத்தாக உருண்டு குழி பறித்துவிடும். பிறகு ஒரு பங்கு ஃபெவிகால், இரண்டு பங்கு தண்ணீர் கலந்து சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். பாயின்ட்டின் நகரும் பகுதிக்குக் கிட்டே பசையே போகக் கூடாது. அங்கே ஜல்லியை ஒரு கல் தடிமனுக்கு மட்டும் தூவுங்கள். ஓர் இரவு காயவிட்டு, தண்டவாளத்தின் மேல்முகத்தையும் உள்பக்கத்தையும் துடைத்த பிறகே ரயிலை ஓட்டுங்கள்.

கேள்வி: சேத்தக்குக்குத் தொழிற்சாலையில் அடித்த அதே நிறம் வேண்டும். மூன்று கை மாறி மூன்று நிறம் பூசியிருக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? என் மாதிரி ஸ்டேஷன் வாசலிலும் அதே நிறத்தில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்த ஆசை.
— வாசகர், மதுரை

பதில்: பெட்ரோல் டேங்கைத் தூக்கினால் அதன் அடியிலும், டிக்கியின் உள்சுவரிலும் மறு பெயின்ட் அடித்தவர்கள் கை வைத்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தை மெல்லிய ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்துப் பழுப்பு போன பிறகு, பெயின்ட் கடையில் ஸ்கேன் செய்து கலக்கச் சொல்லுங்கள். வெயில் பட்ட வெளிப்புறத்தை ஸ்கேன் செய்தால் வெளிறிய நிறம்தான் வரும்.

பழைய பெயின்ட்டைக் கெமிக்கல் ரிமூவர் போட்டு எடுப்பது நல்லது. சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் பானட் போன்ற அகலமான தகடு அலை அலையாக நெளிந்துவிடும். தகடு தெரிந்த அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். நசுங்கலைத் தட்டித்தான் எடுக்க வேண்டும், 2 மி.மீ.க்கு மேல் பட்டி பூசினால் வண்டியின் அதிர்வில் வெடிக்கும். போல்ட் துளைகளின் மரைகளையும், எர்த் வயர் மாட்டும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்த பிறகே பெயின்ட். எர்த் இடத்தை மறந்தால் ஹாரன், லைட் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது, கோளாறைத் தேடி நாட்கணக்கில் அலைய நேரும். சக்கரங்களைப் பெயின்ட்டுக்குப் பிரிக்கும்போது, முதலில் டியூப் காற்றை முழுக்க இறக்குங்கள். இரண்டு பாதியாக இணைந்த ரிம் அது. காற்றோடு நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும்.

87-ல் ஒரு பங்கில் உங்கள் சேத்தக்கின் நீளம் சுமார் 2 செ.மீ. கலந்த பெயின்ட்டில் ஒரு சின்னக் குப்பி எடுத்துவைத்து, அதில் ஒரு துளி வெள்ளை சேருங்கள். அந்த அளவில் அசல் நிறம் அடர்ந்து தெரியும். சற்று வெளிறினால்தான் இரண்டும் ஒரே வண்டி போலத் தோன்றும்.